பாலத்துலயே கேட்கும் சத்தம்

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, என்னை வம்புக்கு இழுத்துவிட்டுப் போய், இப்போ ஒண்ணும் தெரியாத மாதிரி தண்ணி குடிச்சுக்கிட்டிருக்கிற எதிரணிச் சகோதரி அவர்களே! இந்தப் பத்தமடை மண்ணில் பாய் விரிச்சு உட்கார்ந்திருக்கிற என் தாய்மார்களே, பெரியோர்களே! (கைதட்டல்)

ஊர்க்காரன் பேச வந்திருக்கான்னு இப்பவே தட்டுறீங்க. பேசி முடிச்சப்புறமும் தட்டணும். அதுதான் முக்கியம். (சிரிப்பு)

நடுவர் அவர்களே, 1887-ல் சுவாமி சிவானந்தர் பிறந்த ஊர் இது. டாக்டராக மலேயாவுக்குப் போனார். அங்கே நல்ல வருமானம். எல்லாத்தையும் உதறிட்டு ரிஷிகேசத்துல போய்த் துறவியானார். அப்படிப் பற்றை விட்ட மகான் பிறந்த ஊரில் நின்னுக்கிட்டு, ஒரு பழைய மோட்டார் சைக்கிள் மேல எனக்கிருக்கிற பற்றைப் பத்திப் பேசப் போறேன். அவர் மன்னிக்கணும்.

இன்றைய தலைப்பு, 'மனசுக்கு நிறைவு தருவது புதுப்பொருளா, பழைய பொருளா?' எதிரணிச் சகோதரி ஒரு வார்த்தை சொன்னாங்க. "பழைய வண்டி வாங்குறவன் அடுத்த வீட்டுத் தலைவலியைக் காசு கொடுத்து வாங்குறவன்"னாங்க. சத்தியமான வார்த்தை. நான் வாங்கியிருக்கேன். 45,000 ரூபா கொடுத்து வாங்கியிருக்கேன்! (சிரிப்பு)

2011-ல் வாங்கினது. 1984 மாடல் புல்லட், 350. அதுக்கு முன்னால ஏன் வாங்கினேன்னு சொல்லணும்.

எங்க அப்பா நெல் தரகர். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், முக்கூடல், கல்லிடைக்குறிச்சின்னு களம் களமா அலையிற தொழில். அவர் கிட்ட ஒரு புல்லட் இருந்தது. அவரும் பழசாத்தான் வாங்கினாரு. அதை மோட்டார் சைக்கிள்னு ஒரு நாளும் சொல்ல மாட்டாரு. 'வண்டி'. அவ்வளவுதான். மத்ததெல்லாம் அவருக்கு வண்டியே இல்ல. 1989-ல எங்க அக்கா கல்யாணம். நகைக்குக் கொஞ்சம் குறைஞ்சது. ஒரு நாள் சாயங்காலம் வண்டியில போனவரு, ராத்திரி பஸ்ஸில வந்து இறங்கினாரு. வீட்டுல யாரும் எதுவும் கேக்கல. அவரும் சொல்லல. மறுநாள் காலையில துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு சேரன்மகாதேவிக்கு நடந்தாரு.

அதுக்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல, எங்க திண்ணையில உட்கார்ந்து வெத்திலை போட்டுக்கிட்டிருப்பாரு. அம்பாசமுத்திரம் ரோட்டுல ஒரு புல்லட் போச்சுன்னா வாய் மெல்லுறது நின்னுடும். சத்தம் மறைஞ்சப்புறம் மறுபடி மெல்லுவாரு. அவ்வளவுதான் நடுவர் அவர்களே. ஒரு மனுஷன் வெத்திலை மெல்லுறதை நிறுத்துறான். அதைப் பார்த்துக்கிட்டே நான் வளர்ந்தேன்.

(அரங்கில் அமைதி)

சரி, சகோதரி இன்னொண்ணு கேட்டாங்க. "பழைய அழகுதான் வேணும்னா, புது புல்லட்டே பழைய மாதிரி அழகா வருதே, பட்டனைத் தொட்டா ஓடுதே, அதை வாங்கினா என்ன?"ன்னு. நல்ல கேள்வி. அந்தப் புதுசு எப்படி வந்ததுன்னு பார்ப்போம்.

இங்கிலாந்துல ரெட்டிச்னு ஒரு ஊர். நம்ம ஊர் பாய்க்குப் பேர் போன மாதிரி அந்த ஊர் ஊசிக்குப் பேர் போன ஊர். அங்கே பிறந்ததுதான் ராயல் என்ஃபீல்டு கம்பெனி. புல்லட்னு அவங்க பேர் வச்சது 1932-ல. சுதந்திரத்துக்கப்புறம் நம்ம ராணுவத்துக்கு எல்லையில ரோந்து போக நல்ல வண்டி வேணும்னு தேடி, 1950களில் 800 புல்லட் கேட்டாங்க. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோட கூட்டு சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா' ஆரம்பமாச்சு. நம்ம திருவொற்றியூர்ல தொழிற்சாலை. முதல்ல அங்கிருந்து பாகம் வந்தது, இங்கே பூட்டினாங்க. அப்புறம் எல்லாத்தையும் இங்கேயே செஞ்சாங்க. அங்கே என்னாச்சு? 1967-ல ரெட்டிச் தொழிற்சாலையை மூடிட்டாங்க. 1970-ல இங்கிலாந்துல அந்தத் தொழிலே நின்னு போச்சு. நம்ம ஆளு விடலை. அதே வண்டியை, அதே அச்சுல செஞ்சுக்கிட்டே இருந்தான். 1977-ல அந்த இங்கிலாந்துக்கே இங்கிருந்து புல்லட் ஏற்றுமதி ஆச்சு! அம்மா வீட்டுல அடுப்பு அணைஞ்சு போச்சு, மகள் வீட்டுல இருந்து தூக்குச் சட்டியில சோறு போகுது. (கைதட்டல்)

2000 வாக்குல இங்கேயும் வியாபாரம் படுத்து, மூடிடலாமாங்கிற யோசனை வந்தது. அப்புறம் 2009-ல 'கிளாசிக்'னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. உள்ளே இருக்கிற இன்ஜின் புதுசு, வெளியே இருக்கிற உருவம் எங்க அப்பா காலத்து உருவம். ஜனங்க பெயரைப் பதிஞ்சு மாசக்கணக்கில் காத்திருந்து வாங்கினாங்க. சகோதரி, உங்க புதுசு பிழைச்சதே எங்க பழசு முகத்தைக் கடன் வாங்கித்தான்! (பலத்த கைதட்டல்)

இப்போ வண்டி வாங்கின கதைக்கு வர்றேன். இது கொஞ்சம் அசிங்கமான கதை. (சிரிப்பு)

எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் அண்ணாச்சி ஒருத்தர் இருக்காரு. ஆறு மாசம் அவர் பின்னால அலைஞ்சேன். முதல்ல ஒரு டீசல் புல்லட்டைக் காட்டினாரு. ஆமா, அப்படி ஒண்ணு இருந்தது. 325 சி.சி., டீசல்ல ஓடும் மோட்டார் சைக்கிள். லிட்டருக்கு 70 கிலோமீட்டர் வரைக்கும் கொடுக்கும். வயக்காட்டுப் பம்புசெட்டு மேல ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். அது வேண்டாம்னேன். அடுத்து ஒரு வண்டி. 'மிலிட்டரி ஏல வண்டி, தங்கமான வண்டி'ன்னான் விக்க வந்தவன். பெயிண்டு பளபளன்னு மின்னுது. அண்ணாச்சி இன்ஜினைத் தொட்டுப் பார்த்தாரு. "சூடா இருக்கு. நாம வர்றதுக்கு முன்னாலயே ஓட்டி வச்சிருக்கான். வா போவோம்"னாரு.

எனக்குப் புரியல. அவரு சொன்னாரு. "தம்பி, பழைய வண்டியை ஆறிப்போய் இருக்கும்போது பாக்கணும். பச்சை இன்ஜின் ஒரு உதையில எடுக்குதான்னு பாக்கணும். சூட்டுல எல்லா நோயும் மறைஞ்சிரும்." அப்புறம் ஒவ்வொண்ணாச் சொல்லிக் கொடுத்தாரு. பெயிண்டைப் பாக்காதே, புகையைப் பாரு. நீலமா வந்தா எண்ணெய் எரியுது, உள்ளே ரிங்கு தேஞ்சிருக்கு. ஆர்.சி. புத்தகத்துல இருக்கிற இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் ரெண்டையும் வண்டியில தேடிப் பாரு. நம்பர் மேல தாளை வச்சு பென்சிலால தேய்ச்சா எழுத்து விழும். அது சீரா விழலைன்னா, அடிச்சு மாத்தின நம்பர். அந்த வண்டி பக்கமே தலை வச்சுப் படுக்காதே.

எண்ணெய் ஒழுகுதே அண்ணாச்சின்னேன். "புல்லட்ல எண்ணெய் ஒழுகலைன்னா உள்ளே எண்ணெய் இல்லைன்னு அர்த்தம்"னாரு. (சிரிப்பு)

கடைசியில கல்லிடைக்குறிச்சியில ஒரு வண்டி இருக்குன்னு தெரிஞ்சது. ஆத்துப் பக்கம் ஒரு தெரு. வீட்டுல எழுபது வயசு ஆச்சி ஒருத்தர் மட்டும். அவங்க வீட்டுக்காரர் அம்பாசமுத்திரத்துல வாத்தியாரா இருந்தவர், தவறிட்டாரு. பிள்ளைங்க மூணு பேரும் மூணு திசையில. நடைவாசல் ஓரத்துல வண்டி நிக்குது. மேல ஒரு பாய் போர்த்தியிருக்கு.

நான் பத்தமடைக்காரன். எனக்கு வண்டி கண்ணுக்குத் தெரியல, பாய்தான் தெரிஞ்சது. நம்ம ஊர் நெசவு. கோரையைக் கீறி, ஆத்துத் தண்ணியில ஊறப்போட்டு, மயிரிழையா எடுத்து நெய்யுற பாய். கல்யாணப் பாயில மாப்பிள்ளை பொண்ணு பேரை நெய்து கொடுப்போமே, அந்தப் பாய். சாயம் மங்கிப்போச்சு. ஆனா ஒரு ஓரத்துல ரெண்டு பேரும் இருக்கு.

ஆச்சி விலையைப் பத்திப் பேசவே இல்ல. "யய்யா, ஓட்டப் போறது யாரு? நீயா, வாங்கி இன்னொருத்தனுக்கு விக்கப் போறியா?"ன்னு கேட்டாங்க. நான்தான் ஆச்சின்னேன். அப்புறம் அவங்களே சொன்னாங்க: "அவிய பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, ஆத்துப் பாலத்துல ஏறுதப்பவே சத்தம் கேட்டுரும். நான் பாலை அடுப்புல வச்சிருவேன். அவிய வாசல்ல நிறுத்தி, செருப்பைக் கழட்டி, கால் கழுவி வரவும் காபி ஆறாம இருக்கும். வருஷக்கணக்கா எங்க வீட்டுக்குக் கடிகாரமே வேண்டியதில்ல."

கிளம்பும்போது, "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிக் காட்டிட்டுப் போ யய்யா"ன்னாங்க. நான் உதைச்சேன். உதைச்சேன். இருபது தடவை உதைச்சேன். சட்டை நனைஞ்சதுதான் மிச்சம். வண்டி வாயைத் திறக்கல. ஆச்சி பார்த்துக்கிட்டே நின்னுட்டு, பேசாம உள்ளே போயிட்டாங்க. 'குட்டியானை' லாரியில ஏத்திக் கட்டிக்கிட்டு வந்தேன். வண்டி போகும்போது அந்தப் பாயை மட்டும் நாலா மடிச்சு நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, "இது இங்கன இருக்கட்டும்"னாங்க.

(அமைதி)

தாய்மார்களே, இதுக்கப்புறம் வருது என் வீட்டுக் கதை. அந்த 45,000 எங்கிருந்து வந்ததுன்னு நினைக்கிறீங்க? ஓட்டு வீட்டை மாத்தித் தளம் போடுறதுக்கு என் மனைவி சேர்த்து வச்ச காசு. சொல்லித்தான் எடுத்தேன். சொன்னது காசை எடுத்ததுக்கு மறுநாள்! (சிரிப்பு) பதினோரு நாள் அவ என்கூடப் பேசல. அதுக்குள்ள மெக்கானிக் அண்ணாச்சி வண்டியைப் பிரிச்சுப் போட்டுட்டாரு. சிலிண்டரைக் குடைஞ்சு பெரிய பிஸ்டன் போடணும். கிளட்ச் தட்டு, ஒயரிங், ரெண்டு டயர். இன்னொரு 31,000. பன்னிரண்டாம் நாள் மழை பெய்யுது. வீட்டுக்குள்ள அங்கங்கே குண்டானை வச்சிருக்கா. திண்ணையோரம் வண்டிக்குக் கீழேயும் ஒரு தட்டு வச்சிருக்கா. அப்போதான் வாயைத் திறந்தா: "ஏங்க, முன்னால வீடு மட்டும்தான் ஒழுகிச்சு. இப்போ வீடும் ஒழுகுது, வண்டியும் ஒழுகுது." (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

அவ சொன்னதுல தப்பே இல்ல. பழசு மலிவுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. பாதி விலை வாங்கின அன்னைக்கு, மீதி விலை மாசா மாசம். அதைவிடப் பெரிய கூத்து காகிதம். ஆர்.சி. புத்தகம் தவறிப்போன வாத்தியார் பேர்ல இருக்கு. முதல்ல தாசில்தார் ஆபீஸ்ல வாரிசுச் சான்றிதழ். மூணு பிள்ளைங்க சம்மதம். பாரம் 31 போட்டு ஆச்சி பேருக்கு மாத்தி, அப்புறம் பாரம் 29, பாரம் 30 போட்டு என் பேருக்கு மாத்தணும். பதினஞ்சு வருஷம் தாண்டின வண்டி, அதனால அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை கொண்டு போய்க் காட்டிப் பதிவைப் புதுப்பிக்கணும். இன்சூரன்ஸ் தனி. நாலு மாசம் அலைஞ்சேன். இதுக்குப் பயந்து பலபேரு செத்தவர் பேர்லயே வண்டி ஓட்டுறான். நாளைக்கு ஒரு விபத்துன்னா கோர்ட்டுல மேலேயிருந்தா வந்து பதில் சொல்வாரு? வெறும் கையெழுத்துத் தாளை நம்பிப் பழைய வண்டி வாங்காதீங்க.

இன்னொண்ணையும் ஒத்துக்கிறேன். இந்த வண்டிக்கு பிரேக்கு டிரம் பிரேக்கு. 160 கிலோவுக்கு மேல எடை. அழுத்தினா நிக்கும், எப்போ நிக்கும்னு அதுதான் முடிவு பண்ணும். நாலுவழிச் சாலைக்குக் கொண்டு போகாதேன்னு என் பையன்கிட்ட கண்டிப்பாச் சொல்லியிருக்கேன். அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போகணும்னா, என் வீட்டுல ஒரு புது ஸ்கூட்டரும் நிக்குது.

(நடுவர்: ஐயா, ஒரு நிமிஷம். நீங்க எந்த அணியில பேசிக்கிட்டிருக்கீங்க? – பலத்த சிரிப்பு)

நடுவர் அவர்களே, கல்யாணத்துக்கு முன்னாலயே குறையைச் சொல்லிடணும். அதுதான் பழசுக்காரன் நியாயம். நிறையைப் பிறகு சொல்றேன். ஒரு நிறை இப்பவே சொல்லலாம். இந்த வண்டிக்கு கியர் வலது காலில, பிரேக் இடது காலில. இன்னைக்கு ஓடுற வண்டிக்கெல்லாம் நேர்மாறு. எவனாவது திருடிக்கிட்டுப் போனான்னா, மூலைத் திருப்பத்துல பிரேக்குன்னு நினைச்சு கியரை மிதிப்பான். நாம போய் எடுத்துக்கிட்டு வந்துடலாம். (சிரிப்பு)

வண்டி ரிப்பேர் முடிஞ்சு வீட்டுக்கு வந்த அன்னைக்கு அப்பா திண்ணையில. எழுபத்திநாலு வயசு. ரெண்டு கண்ணுலயும் புரை. மூட்டு வலி. வண்டியைக் கண்ணால சரியாப் பார்க்கக்கூட முடியாது. நான் உதைக்க ஆரம்பிச்சேன். திருப்பி ஒரு உதை விட்டுது பாருங்க, கணுக்கால் கழண்டு போன மாதிரி இருந்தது. "எலே, நிறுத்து"ன்னாரு அப்பா.

"ஏம்லே கழுதை மாதிரி உதைக்கே? அது ஒண்ணும் உனக்கு விரோதி இல்ல. சாவியைப் போடு. மெதுவாக் கிக்கரை அமுக்கு. ஹெட்லைட்டு மேல ஆம்பியர் முள்ளு இருக்கும். அது நடுவுக்கு வருதா பாரு. வந்துட்டா நிறுத்து. இப்போ கைப்பிடியில இருக்கிற குட்டி லீவரை இழு. புஸ்ஸுன்னு காத்துப் போகும். ஒரு விரக்கடை, ஒரே விரக்கடை, கிக்கரைக் கீழே தள்ளு. லீவரை விட்டுரு. இப்போ மேல கொண்டு வந்து முழுசா மிதி. உதைக்காதே, மிதி."

முள்ளை நான் கண்ணால பார்க்கிறேன். அவரு திண்ணையில இருந்து காதால பார்க்கிறாரு. "இன்னும் வரல... இன்னும் வரல... ஆ, நிறுத்து"ங்கிறாரு. முள்ளு நடுவுல நிக்குது! மிதிச்சேன். ஒரே மிதி. டப்... டப்... டப்... டப்னு எடுத்துக்கிச்சு. (கைதட்டல்)

நான் அவரு மூஞ்சியைப் பார்க்கிறேன். கண்ணு கலங்கும், கட்டிப் பிடிப்பாருன்னு சினிமா மாதிரி எதிர்பார்த்தேன். அவரு காதைச் சாய்ச்சுக் கேட்டுட்டு, "டேப்பெட்டு அடிக்கு. அண்ணாச்சிகிட்ட சொல்லி சரி பண்ணு"ன்னாரு. (சிரிப்பு) சொல்லிட்டு வெத்திலையை எடுத்து மடிச்சாரு.

சேதி கேட்டு எங்க அக்கா முக்கூடல்ல இருந்து வந்தா. அவளுக்கும் அன்னைக்கு ஐம்பது நெருங்குது. டேங்க்குல மஞ்சளும் குங்குமமும் வச்சா. வச்ச கையை எடுக்கவே இல்ல. "எங்க அப்பா நடந்தது என்னாலதான்"னு அவ அவ்வளவு வருஷமா உள்ளே வச்சிருந்தது அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். அப்பா ஒரு வார்த்தை சொல்லல. "ஏட்டி, காபி போடச் சொல்லு"ன்னாரு. அப்புறம் என்னைப் பார்த்து, "சேரன்மகாதேவி வரைக்கும் போவோமா?"ன்னாரு. பின்னால உட்கார்ந்துக்கிட்டு என் தோளைப் பிடிச்சாரு. அவரு என்னை அடிச்சிருக்காரு, திட்டியிருக்காரு. என் தோளைப் பிடிச்சது அதுதான் முதல் தடவை. வழியெல்லாம் வயல், கன்னடியன் கால்வாய்ப் பாசனம். கண்ணு தெரியாத மனுஷன் காத்தை மோந்துட்டு, "நெல்லு பால் பிடிச்சிருக்கு"ன்னாரு.

அப்பா 2016-ல போயிட்டாரு. வீட்டுக்குத் தளமும் போட்டாச்சு. சீட்டு எடுத்து என் மனைவியே போட்டா. இப்போ வண்டி மட்டும்தான் ஒழுகுது. (சிரிப்பு)

நேரமாச்சுன்னு நடுவர் மணியைப் பார்க்கிறார். ஒண்ணே ஒண்ணைச் சொல்லிட்டு உட்கார்ந்துடுறேன்.

வண்டி சரியானப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம், கல்லிடைக்குறிச்சிக்குப் போனேன். ஆச்சிகிட்ட வர்றேன்னு சொல்லல. பத்தமடையில இருந்து போறவனுக்கு ஆத்துப் பாலத்துல ஏற வேண்டிய வேலையே இல்ல. கல்லிடைக்குறிச்சி பாலத்துக்கு இந்தப் பக்கமே வந்துடும். நான் ஊரைத் தாண்டி, பாலத்தைக் கடந்து, அம்பாசமுத்திரம் பக்கம் போய், அங்கே திரும்பி, மறுபடி பாலத்துல ஏறி வந்தேன். மெதுவா. மூணாவது கியருல.

தெருவுல திரும்பி வாசல்ல நிறுத்தினேன். கதவு திறந்து கிடக்கு. நடையில யாரும் இல்ல. ஆச்சின்னு கூப்பிடலாம்னு வாயெடுத்தேன். உள்ளே அடுப்படியில, பால் சட்டியைத் துணியால பிடிச்சு இறக்கி வைக்கிற சத்தம் கேட்டுது.

நான் செருப்பைக் கழட்டினேன்.

(பலத்த கைதட்டல்)